மண்டபத்துக்காரர் அனுப்பிய படம்

கிரெடிட் கார்டில் தப்பான தொகை ஏறிவிட்டால் இப்போது செல்போனிலேயே புகார் கொடுத்துவிடலாம். எங்கள் வங்கியின் செயலியில் அதற்கென்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. அழுத்தினால் ஆறேழு காரணங்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தொட்டால் புகார் போய்விடும். போன மாதம் தஞ்சாவூர் மண்டல அலுவலகத்தில், கார்டு புகார்ப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "சார், எல்லாம் போன்லயே முடிஞ்சுடுது. இனிமே நமக்கு இதுல என்ன வேலை?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அந்த ஆறேழுல தப்பான ஒண்ணைத் தொட்டவங்க எல்லாரும் உங்ககிட்டதாம்மா வருவாங்க" என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தப்பான காரணத்தால் தோற்கவிருந்த ஒரு வழக்கை அன்று சொல்ல ஆரம்பித்தேன். மதிய இடைவேளை வந்து பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். பெயர் கலியபெருமாள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எங்கள் தெருவிலிருந்து வங்கி வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். காசாளர், பயிர்க்கடன், நகைக்கடன் என்று டெல்டா முழுக்கச் சுற்றினேன். அதிகாரியாகப் பதவி உயர்வு கிடைத்ததும் தஞ்சாவூரில் கார்டு புகார்ப் பிரிவில் போட்டார்கள். யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை அது. காலையில் உட்கார்ந்தது முதல் மாலை வரை அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்க வேண்டும். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். குளிரூட்டிய அறை, திரையில் அம்புக்குறிகள், மத்தியானம் நல்ல சாப்பாடு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலை நான் கற்றது அலமேலு மேடத்திடம்.

அவர் எங்கள் முதன்மை மேலாளர். கும்பகோணத்துப் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலன்களோடு இருந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் சென்னை, வெளிநாடு என்று போய்விட, இவர் மட்டும் இந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தணிந்த குரல். எந்தப் புகாரையும் தாளைப் பார்த்து வாசிக்க விடமாட்டார். "பேப்பரைக் கவுத்து வைங்க. என்ன நடந்துச்சு, வாயால சொல்லுங்க" என்பார். சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அந்த நொடியிலிருந்து அவர் எதிர்த்தரப்புக் கடைக்காரர்.

"ஏன்யா, பிரிட்ஜை வாங்கிட்டுப் போயி ஒரு மாசம் மோர் குடிச்சிட்டு, இப்ப வந்து கலர் புடிக்கலைங்கிறியே! நான் என்ன சும்மா கொடுக்க உட்கார்ந்திருக்கனா?"

அந்த மெல்லிய உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே புதிதாக வந்த ஊழியர்கள், உள்ளே ஏதோ சண்டை என்று எழுந்து நிற்பார்கள். நாம் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய தணிந்த குரலில், "சரி, அனுப்புங்க" என்பார். திணறினால், "இன்னொரு தடவை அவங்ககிட்ட பேசிட்டு வாங்க." திட்ட மாட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

நான் சேர்ந்த புதிதில் கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் போனில் கொதித்தார். அவர் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ் பெயரில் அவர் கார்டிலிருந்து பெரிய தொகை போயிருந்தது. "பட்டப்பகல் திருட்டு சார் இது. போலீசுக்கு எழுதிட்டேன்" என்றார். நானும் கார்டை முடக்கிவிட்டு, மோசடி என்று எழுதி மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"அன்னைக்கு அவர் என்ன செஞ்சார்னு கேட்டீங்களா?"

"அந்தக் கடை பேரே தெரியாதுங்கிறார் மேடம்."

"கடை பேரை யாரு கேட்டா? அன்னைக்கு எங்க போனார், யாரோட போனார்னு கேளுங்க."

மறுபடி போன் செய்தேன். பேராசிரியர் எரிச்சலோடு யோசித்தார். "அன்னைக்கா? அன்னைக்கு எங்க சஷ்டியப்த பூர்த்திக்குப் புடவை எடுக்க..." என்று இழுத்தவரின் குரல் அப்படியே தேய்ந்தது. பின்னால் அவர் மனைவி, "அந்த அரக்குப் புடவைதானே?" என்று கேட்டது எனக்கே கேட்டது. கடைப் பலகையில் ஒரு பெயர், வங்கியில் பதிந்த பெயர் வேறு. அவ்வளவுதான் திருட்டு. அன்றிலிருந்து யார் வந்தாலும், என்ன சொன்னாலும், அந்த நாளை முதலில் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

உண்மையான திருட்டு என்றால் வேலை வேறு மாதிரி. பாபநாசத்தில் ஓர் உரக்கடைக்காரருக்கு, கார்டு சட்டைப்பையில் இருக்கும்போதே, எங்கோ கடல் தாண்டிய ஊரில் அதை வைத்துச் செருப்பு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் போன் செய்தார். அந்த வேகம்தான் அவரைக் காப்பாற்றியது. கார்டை அப்போதே முடக்கினோம். செய்தியை அழிக்காமல் வைத்திருந்தார். அன்றைக்கே எழுத்திலும் புகார் கொடுத்தார். முழுத் தொகையும் திரும்பி வந்தது.

தமிழரசி வந்தது இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு சிக்கலோடு.

கடலோரத்தைப் புயல் புரட்டிப் போட்ட வருடம். தை மாதக் கடைசியில், வேதாரண்யத்திலிருந்து காலை பஸ் பிடித்து, திருத்துறைப்பூண்டியில் மாறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியர். முப்பது வயது இருக்கும். அப்பா உப்பளத்தில் வேலை செய்து, சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டவர். வீட்டில் அம்மா, தங்கை மலர். குடும்பம் இவர் சம்பளத்தில் நடந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காராமலே ஒரு கடிதத்தை நீட்டினார்.

"சார், நான் பொய் சொன்னேன்னு உங்க பேங்க்ல எழுதியிருக்காங்க. நான் பொய் சொல்லல. அதை மாத்தி எழுதித் தரணும்."

வாங்கிப் படித்தேன். எங்கள் தலைமை அலுவலகத்துக் கடிதம்தான். தாங்கள் மறுத்துள்ள பரிவர்த்தனை தங்கள் ரகசிய எண்ணைக் கொண்டு தங்களாலேயே செய்யப்பட்டது, ஆகவே புகார் நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி.

"கார்டைத் தேய்ச்சது நீங்கதானா?"

"நான்தான் சார். அதை நான் எப்ப இல்லைன்னேன்?"

"அப்ப புகார்ல நான் செய்யலைன்னு இருக்கே."

அவர் முகம் சிவந்தது. "அதைத்தான் சார் சொல்ல வர்றேன்."

உட்கார்ந்து சொன்னார். தங்கை மலரின் கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை ஆவணியிலேயே பேசி, தொண்ணூறாயிரம் ரூபாய் முன்பணத்தைத் தன் கார்டில் கட்டியிருந்தார். கல்யாணம் கார்த்திகையில். அதற்கு இரண்டு வாரம் முன்பு புயல் அடித்தது. தென்னை, மா, வீட்டுக்கூரை, மின்கம்பம் ஒன்றும் மிஞ்சவில்லை. மண்டபத்துக்குப் போய்க் கேட்டபோது, உள்ளே ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், இப்போது தர முடியாது, பங்குனியில் வேறு தேதி தருகிறேன் என்றார் மண்டபத்துக்காரர். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. மார்கழி பிறப்பதற்குள் திரும்பியாக வேண்டும். தெருப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டி முடித்தார்கள். பணத்தைக் கேட்டால், கல்யாணத்தைத் தள்ளி வைக்காதது உங்கள் குற்றம் என்று கையை விரித்துவிட்டார் மண்டபத்துக்காரர்.

எங்கள் வங்கியின் உள்ளூர்க் கிளைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த உதவியாளர் புகார்ப் படிவத்தை எடுத்து, "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்ற முதல் கட்டத்தில் அவரே டிக் போட்டு, "இதுல போட்டாதான் சீக்கிரம் வரும், கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார். இவர் போட்டுவிட்டார். நிராகரித்த கடிதம் வந்ததும் மறுபடி போய்க் கேட்டால், கிளையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். "உங்க கார்டு, உங்க பின் நம்பர். நீங்களே தேய்ச்சிட்டு இல்லைன்னா எப்படிங்க? போலீஸ் கீலீஸ்னு போயிடாம பாத்துக்குங்க" என்று அதே உதவியாளர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அந்த வரிசையில் பாதிப்பேர் தமிழரசியிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

"பணம் போனாக்கூட ஓவர்டைம் பாத்துச் சம்பாதிச்சிடுவேன் சார். அன்னைக்கு அங்க நின்னது..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். அழவில்லை. கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் பரபரப்பாக இருந்தது. வழக்கு செத்துவிட்டது என்று கிளையில் சொல்லியிருந்தார்கள். அது பிறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாங்கிய பொருளோ பேசிய சேவையோ வராமல் போவது வேறு காரணம், வேறு கட்டம். அந்தக் காரணத்தில் யாரும் புகாரே அனுப்பவில்லை. முதல் புகார் எங்கள் வங்கி வாசலிலேயே நின்றுவிட்டது, மண்டபத்துக்காரரின் வங்கி வரைக்கும் போகவில்லை. ஆவணியில் கட்டிய பணத்துக்குப் புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்றும் கிளையில் சொல்லியிருந்தார்கள். அதுவும் தப்பு. வராத சேவைக்குக் கெடு, பணம் கட்டிய நாளிலிருந்து ஓடாது. சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் ஓடும். அவர் கையில் இன்னும் நாள் இருந்தது.

"மண்டபத்துக்காரர்கிட்ட எழுத்துல பணம் கேட்டீங்களா?"

"வாட்ஸ்அப்ல மூணு தடவை கேட்டேன் சார். நீலக் கோடு விழுந்துச்சு. பதில் இல்ல."

"அது போதும். அழிச்சிடாதீங்க. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல யாரு இருந்தாங்க?"

"கரண்ட்டுக்காரங்க சார். கம்பம் நடுறதுக்கு சேலம் பக்கத்துல இருந்து வந்திருந்தாங்கல்ல, அவங்க. அவங்க போர்மேன் முருகேசன்னு ஒருத்தர் கையைக் கிழிச்சிக்கிட்டு வந்தார். நான்தான் தையல் பிரிச்சேன். இந்தப் பொங்கலுக்குக்கூட போன் பண்ணி வாழ்த்து சொன்னார்."

அன்று மாலையே மேடத்தின் அறைக்குப் போனேன். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன். மேடம் மண்டபத்துக்காரராக மாறி என்னைக் கொஞ்ச நேரம்தான் உலுக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரியான காரணத்துல புதுசா அனுப்புங்க. முடியிற வரைக்கும் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாம நிறுத்தி வைங்க" என்றார். மண்டப ரசீது, வாட்ஸ்அப் செய்திகளின் படம், தமிழரசி தன் கையால் தமிழில் எழுதிய ஒரு பக்கம் எல்லாம் போயிற்று. நான் வெற்றி பெற்ற மாதிரியே நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மண்டபத்துக்காரரின் வங்கியிலிருந்து பதில் வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு புகைப்படம்.

மண்டபத்தின் உள்ளே மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும். முன்னால் வாழை இலை, இலையில் சாதம். பக்கத்தில் தமிழரசி, சிரித்துக்கொண்டு. கீழே மண்டபத்துக்காரரின் ஒரு வரி: திருமண விருந்து எங்கள் மண்டபத்திலேயே நடந்தது, படம் நானே எடுத்தது.

"கலியபெருமாள்" என்றார் மேடம், தணிந்த குரலில். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. "இந்தம்மா நம்மகிட்ட எதையாவது மறைச்சிட்டாங்களா?"

நான் அந்தப் படத்தையே மறுபடி பார்த்தேன்.

"பேசிட்டு வாங்க."

தமிழரசியைப் போனில் பிடித்தபோது என் குரல் கடுமையாகத்தான் இருந்தது. "ஏம்மா, மண்டபத்துல சாப்பிட்டீங்களா இல்லையா?"



"சாப்பிட்டோம் சார்."

"ஏன் சொல்லல?"

"சார்... கோயில்ல தாலி கட்டிட்டு வெளிய வர்றோம். வீட்டுல கூரை இல்ல, அடுப்பு மூட்ட எடமில்ல. வந்தவங்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிட்டோம். அப்ப அந்த முருகேசன் அண்ணன் வந்து நிக்கிறார். அவங்க படுத்திருந்த மண்டபம் எங்க கல்யாணத்துக்குப் பேசினதுன்னு அன்னைக்குக் காலைலதான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ‘எங்களாலதான் உங்களுக்கு எடமில்லாமப் போச்சுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போவணும்’னு கையைப் பிடிச்சுக்கிட்டார். அவங்க சமைச்ச சாம்பார் சாதம் சார். படுக்கையெல்லாம் ஒதுக்கி, கூட்டி, இலை போட்டாங்க. அப்ப மண்டபத்துக்காரர் வந்து, சிரிங்க சிரிங்கன்னு போட்டோ எடுத்தார். அந்த நாள்ல எங்களுக்கு நடந்த ஒரே நல்லது அது. அதைப் போயி அவர் தன் கணக்குல எழுதிக்குவார்னு நான் நினைக்கல சார்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முருகேசனின் எண்ணை வாங்கினேன்.

அவர் அப்போது மேட்டூர்ப் பக்கம் ஏதோ கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"அந்த நர்ஸம்மாவுக்கா? சொல்லுங்க சார், என்ன செய்யோணும்?"

விஷயத்தைச் சொன்னேன்.

"என்னங்க இது அநியாயம்! சோறு நாங்க போட்டதுங்க. அரிசி பருப்பு எங்க பசங்க காசு. அந்த மண்டபத்துக்கு எங்க ஆபீஸ்ல இருந்து நாள் வாடகை கொடுத்திருக்குது. அந்தக் கல்யாண நாளுக்கும் சேர்த்துத்தான். நீங்க எழுதிக் கேளுங்க, எங்க இன்ஜினியர்கிட்ட நானே சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பறேன்."

சொன்னபடி அனுப்பினார். அலுவலக முத்திரையோடு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எங்கள் குழுவினர் வாடகை கொடுத்து அந்த மண்டபம் முழுவதிலும் தங்கியிருந்தனர் என்று.

அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போனேன். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அதற்குள் ஒரு செய்தி வந்திருந்தது: எதிர்த்தரப்பு ஆதாரம் வலுவாக இருப்பதால் வழக்கை முடித்துவிடவும். மேற்கொண்டு போனால் கார்டு நிறுவனமே தீர்ப்பு சொல்லும். தோற்கிற வங்கி அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணமே கிட்டத்தட்ட தமிழரசியின் முன்பணத் தொகை அளவுக்கு வந்துவிடும்.

மேடம் கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இவ்வளவு வருடத்தில் அவரை அப்படி ஒரு மண்டபத்துக்காரராக நான் பார்த்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து, புடவைத் தலைப்பைத் துண்டு மாதிரி உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏன்யா, கல்யாணம் நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சுங்க. கோயில்ல."

"சாப்பாடு?"

"மண்டபத்துல."

"அப்புறம் என்னய்யா வேணும் உனக்கு? எடம் என்னுது, விசிறி என்னுது, தண்ணி என்னுது. உக்காந்து தின்னுட்டு, போட்டோவுக்குப் பல்லக் காட்டிட்டு, இப்ப ஒண்ணுமே தரலைன்னு எழுதுறியே, வெக்கமா இல்ல?"

"அன்னைக்கு அந்த எடம் உங்களுது இல்லீங்க."

"என்னது?"

"வாடகைக்கு விட்டுட்டீங்க. குடியிருக்கிறவர் தன் வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டா, வீட்டு ஓனர் வந்து விருந்தாளிகிட்ட வாடகை கேப்பாருங்களா?"

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கையைத் தட்டி, "படம் இருக்கேய்யா! படம் பொய் சொல்லுமா?" என்றார்.

"சொல்லாதுங்க. அதனாலதான் அதையே பார்க்கச் சொல்றேன். உங்க ரசீதுல மணமேடை போட்டிருக்கு. படத்துல மேடை மேல கயித்து வடம் சுத்தி வச்சிருக்கு. மணமகள் அறை போட்டிருக்கு. அந்த அறைக் கதவுல ஆம்பளைச் சட்டை காயுது. ஜெனரேட்டர் போட்டிருக்கு. பொண்ணு மூஞ்சி தெரியறதுக்கு ஒருத்தர் பக்கத்துல டார்ச் அடிச்சிக்கிட்டு நிக்கிறார். சாப்பாட்டுக் கூடம் போட்டிருக்கு. மாப்பிள்ளை உக்காந்திருக்கிற எடத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க."

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பெரிதாக்கினார். மேலே புதுத் துண்டு விரித்திருந்தது. துண்டுக்குக் கீழே மரவிளிம்பும் அதில் சுற்றிய கறுப்புக் கம்பியும் தெரிந்தன.

"என்னது இது?"

"கேபிள் உருளை மேடம். கம்பி சுத்தி வர்றது. நாற்காலி இல்லைன்னு அதுல உக்கார வச்சிருக்காங்க."

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துச் சென்னைக்குப் போட்டார். அந்தப் பக்கத்தில் பேசியவர் என்ன சொன்னாரோ, நீளமாகச் சொன்னார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேல கொண்டு போறோம். தோத்தா என் பேரை எழுதிக்குங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "ஜெயிச்சா உங்க பேரை எழுதிக்கச் சொல்லல, கவனிச்சீங்களா?" என்றார்.

அன்று மாலைக்குள் பதிலை எழுதினோம். "கோபமா ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. அவர் பொய் சொல்றார்னும் எழுதாதீங்க. பார்க்கிறவங்களே சொல்லிக்கட்டும்" என்றார். ரசீதில் இருந்த ஒவ்வொரு வசதியையும் எழுதி, அது படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும்படி கேட்டோம். மண்டபத்துக்காரர் அனுப்பிய அதே படத்தைப் பெரிதாக்கி, அம்புக்குறி போட்டு, முருகேசன் அனுப்பிய கடிதத்தோடு இணைத்தோம். சென்னைப் பயிற்சியில் கற்ற அம்புக்குறி கடைசியில் உதவியது.

தீர்ப்பு வரை போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம், மண்டபத்துக்காரரின் வங்கி மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகைக்கும் ஒப்புக்கொண்டது. நான் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து என்னோடு எழுந்துவிட்டார்.

தமிழரசிக்குப் போன் செய்தேன். பணியில் இருந்தார்.

"வந்துருச்சும்மா. முழுசா."

 போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் அவர் குரல்: "நம்ம மண்டபப் பணம் வந்துருச்சு!" தொடர்ந்து வார்டில் படுத்திருந்தவர்களும் கூட இருந்தவர்களும் கை தட்டும் சத்தம். யாரோ ஒரு பெரியவர், "அவனுக்கு நல்லா வேணும்" என்றது தெளிவாகக் கேட்டது. தமிழரசி மறுபடி போனை எடுத்தபோது மூச்சு வாங்கியது.

"சார், மாத்தி எழுதித் தரச் சொன்னேனே, அந்தக் கடிதம்?"

மேடம் அதை மறந்திருக்கவில்லை. எங்கள் வங்கி அப்படி ஒரு கடிதத்தை அதற்கு முன் எழுதியதில்லை. சென்னையோடு ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வந்தது: தங்கள் புகார் முற்றிலும் சரியானது என்று கண்டறியப்பட்டது. படிவம் எங்கள் தரப்பில் தவறாக நிரப்பப்பட்டதே முந்தைய நிராகரிப்புக்குக் காரணம். ஏற்பட்ட மன வருத்தத்துக்கு வங்கி வருந்துகிறது. அதோடு எங்கள் மண்டலத்துக் கிளைகள் அனைத்துக்கும் ஓர் உத்தரவும் போயிற்று. வாடிக்கையாளர் நடந்ததைத் தன் சொந்த வார்த்தையில் எழுதிய பிறகே படிவத்தில் எந்தக் கட்டமும் குறிக்கப்பட வேண்டும். ஊழியர்கள் குறிக்கக் கூடாது.

அந்தக் கடிதத்தைத் தமிழரசி என்ன செய்தார் என்பதை அவரே போனில் சொன்னார். ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து உள்ளூர்க் கிளைக்குப் போயிருக்கிறார். டோக்கன் வாங்கி, முறை வரும்வரை உட்கார்ந்திருக்கிறார். அதே உதவியாளர்தான் கூப்பிட்டார்.

"எனக்கு இங்கிலீஷ் லெட்டர் ஒண்ணு வந்திருக்குங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுத் தமிழ்ல சொல்றீங்களா?"

அவர் வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமேங்க..."

"தெரியுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல. அன்னைக்கும் இவங்கல்லாம் நின்னாங்க. கொஞ்சம் சத்தமாவே படிங்க."

படித்தார். முழுதும் படித்தார்.  மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, எல்லோர் எதிரிலும், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்று நான் கேட்பதற்குள் தமிழரசியே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"பரவாயில்லைங்க சார்னு சொன்னேன். அப்படியே கார்டு நம்பரைக் கொடுத்து, பணம் ஏறினதையும் பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."